‘கொஞ்சம்’ என்ற கட்டம்

அந்த ரூமுக்குள்ள உங்க அம்மாவை ஒத்தையில அனுப்பிட்டு நீங்க இங்கன வந்து உக்காந்திருக்கீங்களே தம்பி, அது சரியில்ல. முன்னப் பின்னத் தெரியாதவன் சொல்லுதேன்னு தப்பா எடுத்துக்கிடாதீங்க. உள்ள இருக்கிற அந்த நர்ஸ் புள்ள, ஜெசிந்தா, நல்ல புள்ளதான். தன்மையாப் பேசும். ‘நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார், அம்மாகிட்ட நாலு கேள்வி கேக்கணும்’னு சிரிச்ச முகமாச் சொல்லும். அந்த நாலு கேள்வியிலதான் என் குடும்பம் ரெண்டாப் போச்சு.

உங்க கையில இருக்கிறது சம்மதப் படிவம்தான? பதினாலு பக்கம். நான் அதை நாலு தடவை படிச்சிருக்கேன். இந்தப் புது மருந்து ஆராய்ச்சியில சேந்த ஆளுகள்ல அதை முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்னு டாக்டர் மாசிலாமணியே என்கிட்ட சொல்லியிருக்காரு. சேந்தது நான் இல்ல, எங்க வீட்ல. ஆனா படிச்சது நான்தான.

எனக்குச் சங்கரன்கோவில். பேரு பால்வண்ணன். கரண்டு ஆபீஸ்ல வீடு வீடாப் போயி ரீடிங் எடுக்கிற வேலை, முப்பத்தோரு வருஷம். வீட்டுக்காரி பேரு ஆவுடையம்மாள். பிள்ளைங்க கிடையாது. அதுக்காக நான் சும்மா இருந்துரல. கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் அவளைக் கூட்டிக்கிட்டு நான் படியேறாத ஆஸ்பத்திரி இல்ல. என்ன ஊசி, என்ன ஸ்கேன், எந்தத் தேதி, எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருந்தேன். டாக்டர் அவளைப் பாத்துக் கேப்பாரு, நான் பதில் சொல்லுவேன். அவளுக்குத் தேதியெல்லாம் ஞாபகம் நிக்காது. பன்னெண்டு வருஷத்துல ஒரு நாளு ‘போதும்’னு சொன்னவ இல்ல. அப்படி ஒரு குணம் அவளுக்கு.

போன வருஷம் பங்குனியில அவளுக்குச் சோறு இறங்கல. மூணு வாய் சாப்பிடுவா, எந்திரிச்சிருவா. ஏதோ விரதம் இருக்கான்னு நினைச்சுட்டேன். பெறவு எடை குறைஞ்சு, வாந்தியில கறுப்பா வந்ததும் இங்க கூட்டியாந்தேன். வாய் வழியாக் குழாயை விட்டுப் பாத்துட்டு, வயித்துல கேன்சர்னு சொன்னாங்க. உங்க அம்மாவுக்கும் வயித்துலதான? ஆபரேஷன் ஆயிருச்சுல்லா? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வயித்தை முழுசா எடுத்துட்டு, குடலை மேல இழுத்து உணவுக்குழாயில சேத்துத் தைச்சிருதாங்க. வயிறே இல்லாம மனுஷி இருக்க முடியுமான்னு கேட்டேன். இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடணும், அவ்வளவுதான்னாரு டாக்டர்.

ஆறு வேளையும் நான்தான் பாத்தேன். ஏழு மணி, ஒன்பதரை, பன்னெண்டு, ரெண்டரை, அஞ்சு, எட்டு. போன்ல அலாரம் வச்சிருந்தேன். முக்கால் இட்லின்னா முக்கால் இட்லி. ‘பசிக்கலங்க’ம்பா. ‘வயிறே இல்ல, பசி எங்க இருந்து வரும், சாப்பிடு’ம்பேன். சாப்பிட்டிருவா. சீக்கு தொத்திரும்னு அக்கம்பக்கத்துல ஒருத்தரையும் உள்ள விடல. கடைக்குப் போகும்போது வெளிய பூட்டிட்டுத்தான் போவேன். அவ போனும் என் பையிலதான் இருக்கும். அவ தங்கச்சி ஒருத்தி அம்பாசமுத்திரத்துல இருக்கா, பேச்சியம்மான்னு. ஓயாமக் கூப்பிட்டு அழுவா. சீக்காளிகிட்ட அழுதா சீக்கு கூடுமா குறையுமா, நீங்களே சொல்லுங்க.

ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு டாக்டர் எங்களை உக்கார வச்சு இந்த ஆராய்ச்சியைப் பத்திச் சொன்னாரு. எடுத்த இடத்துல நெறிக்கட்டியிலயும் பரவியிருக்கு, அதனால எப்படியும் கீமோ போடணும். வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. பாதிப் பேருக்கு அதோட கூட ஒரு புது மருந்து. யாருக்குப் புதுசுன்னு டாக்டரும் முடிவு பண்ண முடியாது, நாமளும் முடிவு பண்ண முடியாது, கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். புது மருந்து நல்லதாவும் இருக்கலாம், ஒரு பிரயோஜனமும் இல்லாமலும் போகலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. சேரலைன்னாலும் வழக்கமான வைத்தியம் உண்டு. சேந்த பெறவு எப்ப வேணும்னாலும் விலகிக்கிடலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஒம்பதாம் பக்கத்துல இருக்கும் பாருங்க. நான் படிச்சேன். ஏதோ சட்டத்துக்காகப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்.

அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. ‘இதுல சேந்தா இங்க கூடுதலா எத்தனை நாளு வரணும் சார்?’னு. டாக்டர் வாயைத் திறக்குமுன்னே, ‘எத்தனை நாளானா என்ன, நான் கூட்டியாரேன்’னேன். அவ என்னைப் பாத்தா. ‘உங்களுக்குச் சம்மதம்தானம்மா?’ன்னு டாக்டர் கேட்டாரு. ‘சம்மதம்தான் சார்’னு சொன்னேன். ‘அம்மா சொல்லட்டும்’னாரு. அவளும் தலையை ஆட்டினா. எட்டாவது வரை படிச்சவ, கையெழுத்து அழகாப் போடுவா.

கம்ப்யூட்டர் அவளுக்குப் புது மருந்தைக் கொடுத்துச்சு. ஆராய்ச்சியில அவ நாப்பத்தி மூணாம் நம்பர். வார்டு பூரா அல்வா கொடுத்தேன். பன்னெண்டு வருஷம் அலைஞ்சும் கிடைக்காத ஒரு நல்லது இப்பக் கிடைச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு. ‘உனக்கு யோகம்டி’ன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மயக்க மருந்து அசதி இன்னும் போகலைன்னு நினைச்சேன். ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு அப்ப.

மூணு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை ட்ரிப்ஸ். நடுவுல வீட்ல மாத்திரை. வீட்டுக்கு ஒரு டைரி கொடுப்பாங்க. தினம் எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை வயித்தால போச்சு, எல்லாம் எழுதணும். இங்க வந்தா ஒரு கேள்வித்தாள். ‘கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு வலி இருந்ததா, சோர்வு இருந்ததா’ன்னு. ஒவ்வொண்ணுக்கும் நாலு கட்டம். சிறிதும் இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம். ஒண்ணுல டிக் போடணும். உங்களுக்கும் கொடுப்பாங்க.

முதல் தடவை ஒண்ணும் தெரியல. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் பச்சைத் தண்ணியைத் தொட்டா கை சுரீர்னு இழுக்குதுன்னா. சில்வர் டம்ளரைப் பிடிக்க முடியல, துணி சுத்திப் பிடிச்சா. வாய் பூரா புண்ணு. வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு.

அந்தச் சமயம் இதே பெஞ்சில கடையநல்லூர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு. அவர் சம்சாரத்துக்கும் புது மருந்துதான். உள்ளதை உள்ளபடி எழுதிட்டாரு, ‘மிக அதிகம்’னு. அளவைக் குறைச்சாங்க. அப்பவும் தாங்கல. நிறுத்திட்டாங்க. ‘போச்சு அண்ணாச்சி, எங்களுக்குக் கிடைச்சது போச்சு’ன்னு அவரு சொன்னாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், எங்க வீட்ல அப்படி நடக்கக் கூடாதுன்னு.

பொய் எழுதினேன்னு நினைக்காதீங்க. கொஞ்சம்னா பொய்யா? ஏழு தடவை போனான்னு வைங்க. அதுல ரெண்டு தடவைதான் தண்ணியா, மத்ததெல்லாம் சும்மா போயிட்டு வந்தது. ரெண்டுன்னு போடுவேன். அவ பக்கத்துலதான் இருப்பா. ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் பண்ணல. ‘கை மரத்துப் போகுதா?’ன்னு கேப்பேன். ‘நெருப்புல வச்ச மாதிரி இருக்குங்க’ம்பா. ‘சரி, கொஞ்சம்னு போடுதேன்’ம்பேன். என் பேனாவையே பாத்துக்கிட்டு இருப்பா. மூணாவது மாசத்துல ஒரு நாளு, ‘நீங்களே போட்டுக்கிடுங்க’ன்னா. அதுக்கப்புறம் நான் கேட்டாலும் பதில் சொல்லதில்ல. உடம்பு மருந்துக்குப் பழகிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். முனகல்கூட நின்னுபோச்சு.

அஞ்சாவது ட்ரிப்ஸ் போட்டு ஒம்பதாம் நாளு. காலையில பத்து மணி. மோர் வாங்கிட்டு வந்து பூட்டைத் திறக்கேன், பாத்ரூம் வாசல்ல கிடக்கா. கண்ணு திறந்திருக்கு. பேச்சில்ல. கதவை அவ தட்டியிருக்கா போல. எதிர்வீட்டுப் பொம்பள சத்தம் கேட்டு வந்து பாத்துட்டு, வெளிய பூட்டியிருக்கிறதைப் பாத்துத் திரும்பிட்டாளாம். பெறவு சொன்னா.

கார் பிடிச்சு இங்க கொண்டாந்தேன். வெள்ளை அணு தரையோட தரையாக் கிடக்கு, உப்பெல்லாம் இறங்கிப்போச்சு, கிட்னி சுருண்டு கிடக்குன்னாங்க. டாக்டர் மாசிலாமணி டைரியைப் புரட்டிப் பாத்தாரு. ‘தினமும் ரெண்டு தடவைன்னு போட்டிருக்கு. இது ரெண்டு தடவை போன உடம்பு இல்லையே சார்’னாரு. ‘இன்னைக்குத்தான் சார் திடீர்னு’ன்னேன். ஜெசிந்தா டைரியை வாங்கி முதல்ல இருந்து பாத்துச்சு. ‘எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே கை எழுத்து. அம்மா எழுதினதா சார்?’னு கேட்டுச்சு. ‘அவ சொல்லச் சொல்ல நான் எழுதினது’ன்னேன். அது டைரியை மூடித் தன் பக்கம் வச்சுக்கிடுச்சு. எனக்குத் திருப்பித் தரல.

நாலு நாளு கழிச்சு ஆவுடை எந்திரிச்சு உக்காந்தா. அப்பதான் அந்தப் புள்ள வந்து, ‘நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்’னுச்சு. எங்களுக்குள்ள ஒளிவுமறைவு கிடையாதும்மான்னேன். ‘இருக்கட்டும் சார், இது விதி’ன்னுச்சு. முதல் தடவையே இந்த விதி இருந்திருக்கு தம்பி. அப்பல்லாம் நான் பக்கத்துலயே இருப்பேன்னு சண்டை போட்டு உக்காந்துக்கிடுவேன். அதுவும் விட்டிருச்சு. இந்தத் தடவை விடல.

அரைமணி நேரம். கதவுல ஒரு சின்னக் கண்ணாடி இருக்குல்லா, அது வழியாப் பாத்தேன். ஜெசிந்தா முதுகுதான் தெரியுது. தாண்டி இவ முகம் பாதி. வாய் அசையுது. நிக்காம அசையுது. முப்பது வருஷமா எனக்கு அவ வாய் அப்படி அசைஞ்சு பாத்த ஞாபகமே இல்ல. நடுவுல ஒரு தடவை சிரிச்சா கூட. அந்தப் புள்ள ஏதோ மருந்து வச்சிருச்சோன்னு தோணுச்சு எனக்கு.

பெறவு டாக்டர் கூப்பிட்டாரு. ‘உங்க மனைவி ஆராய்ச்சியில இருந்து விலகுதாங்க’ன்னாரு. ‘அவளுக்கு என்ன தெரியும் சார், மயக்கத்துல சொல்லியிருப்பா’ன்னேன். ‘ரெண்டு தடவை கேட்டோம். தெளிவாச் சொல்லுதாங்க’ன்னாரு. நான் விடல. ‘இன்னும் மூணு ட்ரிப்ஸ்தான் சார் பாக்கி, அளவைக் குறைச்சாவது கொடுங்க’ன்னேன். அப்ப அவரு சொன்னாரு, ‘ரெண்டாவது மாசமே எங்களுக்கு உண்மை தெரிஞ்சிருந்தா குறைச்சுத்தான் கொடுத்திருப்போம். அவங்களும் தாங்கியிருப்பாங்க, ஒருவேளை முழுசா முடிச்சிருப்பாங்க. நிறைய பேரு அப்படித்தான் முடிக்காங்க’ன்னு. அப்ப கடையநல்லூர்க்காரருக்கு ஏன் நிறுத்தினீங்கன்னேன். ‘அவங்க உயிரோட இருக்கணும்னு நிறுத்தினோம். இருக்காங்க’ன்னாரு.

அதோட விட்டாரா. ‘இது உங்க மனைவியோட மட்டும் போறதில்ல சார். நாளைக்கு இந்த மருந்தை எத்தனையோ பேருக்குக் கொடுக்கலாமா வேண்டாமான்னு இந்தக் கட்டத்தை எல்லாம் பாத்துத்தான் முடிவு பண்ணுவோம். நீங்க கொஞ்சம்னு போட்டதை நம்பி இன்னொருத்தருக்கு முழு அளவு கொடுத்திருப்போம். எல்லாத்தையும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதியாகணும்’னாரு. எழுதட்டும். எனக்கு என் பொண்டாட்டி பிழைக்கணும். ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் சேத்தா நான் டிக் போட முடியும்? சவத்த விடுங்க.

நேரா அவ கட்டிலுக்குப் போனேன். என்னைப் பாத்ததும் காலை மடக்கி இடம் விட்டா. உக்காந்தேன்.

‘ஏன் என்கிட்ட சொல்லல?’ன்னு கேட்டேன்.

‘சொன்னேன். நீங்க கொஞ்சம்னு போட்டீங்க.’

‘உன்னைக் காப்பாத்தத்தான செஞ்சேன்.’

‘தெரியும்.’

அவ கோவமாச் சொல்லல. போர்வை நுனியைத் திருகினா. பெறவு சொன்னா, ‘அந்தப் பன்னெண்டு வருஷமும் நான் சொல்லியிருக்கணும். அப்பவும் டாக்டர் என்னைத்தான் கேட்டாங்க. நீங்க பதில் சொல்லுவீங்க, நான் உங்க வாயைப் பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு என்ன செய்யுதுன்னு எனக்கே உங்களைக் கேட்டாத்தான் தெரியுங்கிற மாதிரி ஆயிருச்சு.’

எனக்கு அதுல ஒண்ணுமே புரியல தம்பி. யாருக்காக அலைஞ்சேன் நான்?

‘பேச்சி வீட்டுக்குப் போறேன்’னா. ‘பழைய ஊசி மட்டும் போட்டாப் போதுமாம். அங்கன பக்கத்துலயே போடலாம்னு டாக்டர் எழுதித் தாராரு. நீங்க வரவேண்டாம். நான் கூப்பிடுதேன்.’

‘என்னைக்குக் கூப்பிடுவ?’

‘முடியும்போது.’

அப்புறம் கையை நீட்டினா. ‘என் போனைக் குடுங்க’ன்னா. பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டுப் பாத்தா. பேச்சி கூப்பிட்டது மட்டும் அறுபத்தோரு தடவை கிடந்துச்சு. ஒவ்வொண்ணா மேல தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தா. அந்த விரல்ல தோலு உரிஞ்சு சிவந்துபோயிருந்துச்சு. அதுக்கு முன்னால நான் அதைப் பாக்கலையா, பாத்துட்டுத்தான் டிக் போட்டேனா, இப்ப ஞாபகம் வரமாட்டேங்குது.

எட்டு மாசம் ஆச்சு. மூணு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நான் இங்க வந்திருதேன். வீட்ல இருந்து என்ன செய்ய? அலாரம் இன்னும் ஆறு வேளையும் அடிக்கு. விலகினாலும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை எப்படி இருக்காங்கன்னு போன் பண்ணிக் கேக்கலாம்னு ஆவுடை ஒத்துக்கிட்டிருக்கா. அதனால ஜெசிந்தாவுக்கு எல்லாம் தெரியும். எடை எவ்வளவு, ஸ்கேன்ல என்ன, எல்லாம். என்கிட்ட சொல்லாது. ‘அவங்க அனுமதி இல்லாமச் சொல்லக் கூடாது சார்’ங்கும். நான் புருஷன்மான்னு சொன்னேன். ‘தெரியும் சார்’ங்கும்.

மூணு தடவை அவளே கூப்பிட்டா. ‘நல்லா இருக்கேன்’னா. அவ்வளவுதான். எப்படி நல்லா இருக்க, எத்தனை தடவை போகுது, கை எரியுதான்னு கேட்டேன். ‘நல்லா இருக்கேங்க. நீங்க சாப்பிடுங்க’ன்னு வச்சிட்டா. நல்லா இருக்கேன்னா என்னன்னு எடுத்துக்கிட?

தாங்காம போன வியாழக்கிழமை அம்பாசமுத்திரம் போயிட்டேன். வரவேண்டாம்னு சொன்னவ வீட்டுக்குள்ள எப்படிப் போறது? எதிர்த்தாப்புல ஒரு சைக்கிள் கடை. அங்கன நின்னேன். வாசல்ல ரெண்டு பேரும் உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஆவுடைக்குத் தலையில முடி குட்டையா வளந்திருக்கு. பேச்சியோட தட்டுல இருந்து எதையோ எடுத்து வாயில போட்டுக்கிட்டா, மணி பதினொண்ணேகால், அந்த நேரத்துல எந்த வேளையும் கிடையாது. பெறவு எந்திரிச்சா. கையை ஊணாம, செவத்தைப் பிடிக்காம எந்திரிச்சா. குழாயடிக்குப் போயி, பச்சைத் தண்ணியில, துணி கிணி ஒண்ணும் இல்லாம, கீரையை அலசினா. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அஞ்சு தடவை முக்கி எடுத்தா. ஒரு தடவைகூடக் கையை உதறல.

உள்ள போயிருந்தா என்ன சொல்லியிருப்பா? உங்க கூடவே கிளம்பி வாரேங்கன்னு சொன்னாலும் சொல்லியிருப்பா. அதுக்குப் பயந்துதான் நான் போகலைன்னு நினைக்கேன். எதுக்குப் பயம்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.

இன்னைக்குக் காலையில அதை ஜெசிந்தாகிட்ட சொன்னேன். நாப்பத்தி மூணாம் நம்பர், செவத்தைப் பிடிக்காம எந்திரிக்கா, பச்சைத் தண்ணியில அஞ்சு தடவை, கையில எரிச்சல் சிறிதும் இல்லைன்னு எழுதிக்கிடும்மான்னேன். என் கண்ணால பாத்தது. ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.

அந்தப் புள்ள பேனாவைக்கூடத் திறக்கல. என்னை உக்காரச் சொல்லித் தண்ணி கொடுத்துச்சு. ‘நீங்க சொல்லி நான் எழுத முடியாது சார். அவங்க சொல்லணும்’னுச்சு.

சரின்னு வந்து உக்காந்துட்டேன். அஞ்சு மணிக்குத்தான் ரூமைப் பூட்டும். அதுவரைக்கும் இருப்பேன், அந்தப் புள்ளைக்கு மனசு மாறினாலும் மாறும்.

அந்தா, உங்க அம்மா வந்துட்டாங்க. என்ன தம்பி, வாயைத் திறந்து ஏதோ சொல்ல வாராங்க, போங்க. நான் பையைப் பாத்துக்கிடுதேன்.